வாத்தியார் காரின் ஐந்து நிமிஷ உதறல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. கற்பனை பண்ணுவதாக இருந்தால் காருக்குப் பதிலாக ஒரு பாழடைந்த பங்களாவை வைத்திருப்பேன்; எழுதவும் சுலபம், டீசலும் மிச்சம்.

நடந்தது என் சித்தப்பாவுக்கு. அவர் கார் மெக்கானிக். பேய் என்று யாராவது பேச்செடுத்தால், “அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எங்க கிடைக்கும்?” என்று கேட்கிற ஆள். இப்போது கேட்பதில்லை. நம்பாதவர்கள் வந்து அவருடைய வலது கையைப் பார்க்கலாம். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, சாக்குப் பையைத் தைத்தது போல ஒரு தையல் ஓடுகிறது.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்குக் கூட்டாளி, சித்தியின் அண்ணன். எங்களுக்கு ‘குண்டு மாமா’. உடம்பில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே எதுவுமே கிடையாது, அதனால் அந்தப் பெயர். அப்பா அம்மா இல்லாத வீட்டில் சித்தியைத் தூக்கி வளர்த்தது அவர்தான். மாமா வேலையில் சூரர். ஆனால் ஓடுகிற எஞ்சினுக்குள் ஆட்டுக்கல்லில் மாவு தள்ளுவது போலக் கையை விடுவார். அதனால் சித்தி தினமும் டிபன் டப்பாவோடு ஒரு வாக்கியத்தையும் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புவாள்.

“எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன். முழுசா வீட்டுக்கு வரணும்.”

“நான்?”

“நீங்க வந்தா சரி.”

அந்தக் கார் ஒரு குளிர்கால மாலையில் வந்தது. கணக்கு வாத்தியார் ஒருவருடையது. டீசல் கார். பழசாக வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

“காலையில முதல் அஞ்சு நிமிஷம் மட்டும் உதறுது. அப்புறம் தங்கமா ஓடுது,” என்றார் வாத்தியார்.

“எங்க வீட்லயும் அப்படித்தான் சார். முகம் கழுவற வரைக்கும்,” என்றார் மாமா.

வாத்தியார் சிரிக்கவில்லை. “நாலு ஒர்க்‌ஷாப் பாத்தாச்சு. ஹீட்டர் பிளக் நாலும் மாத்தியாச்சு. ஃபில்டர் மாத்தியாச்சு. இன்ஜெக்டரக் கழட்டி டெஸ்ட்டும் பண்ணியாச்சு.”

“இன்னும் எத மாத்தல?”

“என்னைத்தான்.”

ஹீட்டர் பிளக் என்பது குளிரில் டீசல் பற்றிக்கொள்வதற்காக ஒவ்வொரு சிலிண்டருக்கும் போடுகிற சின்னக் கணப்பு. காலை உதறல் என்றால் எல்லோரும் முதலில் கைவைக்கிற இடம் அது. அதுவும் புதுசு. அப்படியானால் நோய் வேறெங்கோ இருக்கிறது.

இந்த நோயில் ஒரு தொல்லை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். எஞ்சின் ராத்திரி முழுக்கக் கிடந்து ஆறியிருக்க வேண்டும். ஒரு தரம் ஸ்டார்ட் செய்துவிட்டால் சூடேறிவிடும், அன்றைய பாடு முடிந்தது. வாத்தியார் அவசரத்தில் காரின் மூக்கைச் சுவர்ப் பக்கமாக விட்டுப் போயிருந்தார். சுவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம். மாமா நின்றால் காற்றோட்டமாகவே இருக்கும். திருப்பி நிறுத்தலாம் என்றால் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஸ்டார்ட் செய்தால் காலையில் உதறல் சுத்தமாகக் கிடைக்காது. கையால் தள்ளித் திருப்பியிருக்கலாம்...

இருவருக்கும் முதுகு வலித்தது. அப்படியே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பது. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். மாமா பானெட்டைத் தூக்கிவிட்டு, சுவரில் முதுகை வைத்து நின்றார். சித்தப்பா டிரைவர் கதவைத் திறந்து, உட்காராமல், வெளியில் நின்றபடியே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

கர்ர்... கர்ர்... தடார்.

அது ஓடுகிற சத்தமாக இல்லை. அடி வாங்குகிற சத்தமாக இருந்தது. சாக்கில் ஒரு ஆளைப் போட்டுக் கட்டி நாலு பேர் சுற்றி நின்று மிதித்தால் வருமே, அது. தட்... தடதட்... தட். மட்கார்டு மேலிருந்த ஸ்பேனர் குதித்து மாமாவின் காலில் விழுந்தது. மாமா அதன் பரம்பரையை விசாரித்தார்.

பிறகு வேலையில் இறங்கினார். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுகிற இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் ஒயரையும் பிடுங்கி மாட்டினார். பிடுங்கியதும் உதறல் கூடினால் அந்த சிலிண்டர் உயிரோடு இருக்கிறது. மாறாவிட்டால் அதுதான் செத்த சிலிண்டர். நாலுமே உயிரோடு இருந்தன.

“மிஸ்ஃபயர்னா அதுல ஒரு தாளம் இருக்கும் மாப்ள,” என்றார் மாமா. “இதுல தாளமே இல்ல. கோவத்துல ஒருத்தன் அடிக்கற மாதிரி இருக்கு. நிறுத்தறான், மூச்சு வாங்கறான், மறுபடியும் அடிக்கறான்.”

சித்தப்பா ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சினுக்குள் நடப்பதையெல்லாம் எண்ணாகக் காட்டுகிற கருவி. அதில் ஆக்ஸிலரேட்டர் பெடல் எத்தனை சதவீதம் அழுந்தியிருக்கிறது என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும். யாரும் மிதிக்கவில்லையே.

நாலு என்றது. பதினொன்று. மூன்று. எட்டு.

ஐந்து ஐம்பத்தைந்துக்குப் பூஜ்யமானது. அதே நொடியில் எஞ்சினும் அடங்கியது. தங்கமாக ஓடியது.

“புடிச்சிட்டேன் மச்சான். பெடல் சென்சார். குளிர்ல தப்புத் தப்பா சொல்லுது. எஞ்சின் அத நம்பி ஆடுது.”

“நாலு ஒர்க்‌ஷாப்பும் எஞ்சினையே நோண்டியிருக்கானுங்க. பல்வலிக்கு வயித்தக் கிழிச்ச கதை.”

மாமாவுக்குக் குஷி. கையிலிருந்த சூடு பார்க்கிற துப்பாக்கியால் கண்டதையெல்லாம் சுட ஆரம்பித்தார். சுவர் பன்னிரண்டு டிகிரி. ஸ்டியரிங் பன்னிரண்டு. பக்கத்து சீட் பன்னிரண்டு. டிரைவர் சீட்...

முப்பத்தேழு.

“பாரு மாப்ள, சீட்டுக்கு உயிர் இருக்கு. நீ உக்காந்த சூடு.”

“நான் உக்காரவே இல்லையே.”

மாமா மறுபடி சுட்டார். முப்பத்தேழு. சித்தப்பா உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பஸ்ஸில் ஒருவர் எழுந்துபோன இடத்தில் உடனே உட்கார்ந்தால் இருக்குமே, அந்தக் கதகதப்பு.

“சீட் ஹீட்டர் இருக்கும்,” என்றார் மாமா.

“இந்த மாடல்ல கிடையாது.”

“அப்ப துப்பாக்கி கெட்டுப்போச்சு.” அத்தோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

அன்று மதியம் புதுப் பெடல் வாங்கி மாட்டினார்கள். கழற்றியதை மேஜையில் வைத்து சித்தப்பா சாயங்காலம் வரை சோதித்தார். பூஜ்யம். பூஜ்யம். ஐஸ் கட்டி வைத்தும் பார்த்தார். பூஜ்யம்.

“இது நல்ல பெடல் மச்சான்.”

“இப்ப புதுசு போட்டாச்சு இல்ல. காலையில பாத்துக்கலாம். உதறலேன்னா பெடல் கெட்டது. உதறினா நம்ம பேர் கெட்டது.”

இரண்டாவது காலை. அதே ஐந்து ஐம்பது. முந்தைய நாளைவிடக் குளிர். வண்டியின் மூக்கு இன்னும் சுவர்ப் பக்கம்தான்; நேற்று எஞ்சின் ஓடியபோது திருப்பி நிறுத்த இருவருக்கும் தோன்றவில்லை.

நியூட்ரல். ஹேண்ட் பிரேக். பின் சக்கரங்களுக்கு முன்னால் மரக்கட்டை. எல்லாம் சித்தப்பாவே பார்த்து வைத்தது. பானெட்டை இன்று மூடிவிட்டார்கள். உதறல் வண்டிக்கு எவ்வளவு வருகிறது என்று கைவைத்துப் பார்க்க வேண்டும். மாமா சுவரையொட்டி நின்று, இரண்டு உள்ளங்கையையும் பானெட் மேல் விரித்து வைத்தார்.

“ஆசீர்வாதம் பண்றேன். போடு.”

சித்தப்பா வெளியில் நின்றே சாவியைத் திருப்பினார். திறந்த கதவு கிடுகிடுவென்று ஆடிச் சத்தம் போட்டதால் அதைச் சாத்தினார். ஸ்கேனரைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

தட்... தடதட்... தட்.

“உதறுது மாப்ள.”

சித்தப்பா ஸ்கேனரைப் பார்த்தார். ஐந்து. ஒன்பது. ஆறு.

புதுப் பெடல்.

குனிந்து கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். பெடல் அசைந்தது. லேசாக இறங்கியது, ஏறியது, இறங்கியது. காலாட்டிக்கொண்டு யாருக்காகவோ காத்திருக்கிறவன் மிதிப்பது போல.

“மச்சான்... அங்கேருந்து வெளிய வா.”

“என்ன?”

“வெளிய வா.”

இருபது.

டக். கதவு பூட்டிக்கொண்டது. நாலு கதவும்.

நாற்பது.

ஹேண்ட் பிரேக் விடுபட்டது. இடப்பக்கம் கிளட்ச் பெடல் தானாக இறங்கியது. அடிவரைக்கும்.

கியர் லீவர் அசைந்தது. நிதானமாக. ஒரு அவசரமும் இல்லாமல். முதல் கியருக்குப் போய் உட்கார்ந்தது.

எழுபது.

“மச்சான்...”

மாமா ஒரு காலை எடுத்து வைத்தார். ஒன்றுதான்.

நூறு.

வண்டி கட்டை மேல் ஏறிப் பாய்ந்தது. சுவர் அதிர்ந்தது. முதலில் கேட்டது பம்பர் உடைகிற சத்தம். அடுத்து கேட்டது பம்பர் இல்லை. ஈர விறகை முழங்காலில் வைத்து ஒடித்தது போல... இரண்டு தரம்.

அதற்குப் பிறகுதான் மாமா கத்தினார்.

முன் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. ரப்பர் புகை. எஞ்சின் அலறியது. மாமா தொடைக்குக் கீழே சுவரோடு சுவராக இருந்தார். உள்ளங்கையால் பானெட்டை அறைந்தார். அறைந்தார். அறைந்தார். பானெட்டில் ரத்தம் தெறித்துக் கண்ணாடி வரை வந்தது.

சித்தப்பா கதவை இழுத்தார். திறக்கவில்லை. வீல் ஸ்பேனரை எடுத்துக் கண்ணாடியை அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் உடைந்தது. கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கினார்.

எஞ்சின் நிற்கவில்லை.

சாவி கையில் இருக்கிறது. எஞ்சின் அலறுகிறது.

மாமாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

சித்தப்பா இடுப்பு வரை ஜன்னலுக்குள் நுழைந்தார். பெடலைத் தூக்கிவிடக் கையைக் கீழே விட்டார்.

கை ஒரு முழங்காலில் பட்டது.

சீட் காலி. கண்ணுக்கு முன்னால் காலி. ஆனால் முழங்கால். துணி. துணிக்குள் சூடு.

சித்தப்பா யோசிக்கவில்லை. ஸ்பேனரை ஓங்கி அந்தக் காலி சீட்டை அடித்தார். நறுக் என்றது. எலும்பின் சத்தம் எப்படி இருக்கும் என்று சற்று முன்புதான் கேட்டிருந்தார். மறுபடி அடித்தார். தலை இருக்க வேண்டிய உயரத்தில் அடித்தார். அங்கும் ஏதோ இருந்தது. அது நகரவில்லை. அடிக்க அடிக்க, சீட் ஸ்பிரிங் மட்டும் குலுங்கியது... சிரிப்பில் உடம்பு குலுங்குவது போல.

கியர் லீவர். அதை இழுத்தால் போதும்.

எட்டவில்லை. நாலு விரல் தூரம். உடைந்த கண்ணாடி கையைக் கிழித்தது. இன்னும் நுழைந்தார். இன்னும் கிழித்தது. எட்டவில்லை.

யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள்.

பலமாக. இரண்டு கையாலும்.

எட்டியது. லீவரின் குமிழைப் பிடித்தார்.

அதன் மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

விரல் கணுக்கள். ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

அந்தக் கையோடு சேர்த்துப் பிடித்து, தோள்பட்டை கழன்றுபோகிற அளவுக்கு இழுத்தார். ஏதோ முறிந்தது. லீவர் நியூட்ரலுக்கு வந்தது. வண்டி ஓரடி பின்னால் உருண்டது.

எஞ்சின் நின்றது.

மாமா மடங்கி விழுந்தார்.

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தைந்து.

எதிர்க் கிடங்கின் வாட்ச்மேன் சத்தம் கேட்டு ஓடிவந்தார். தன் பெல்ட்டைக் கழற்றி மாமாவின் தொடையில் இறுக்கியவர் அவர்தான். தள்ளியது அவர் இல்லை. அவர் வந்தபோது சித்தப்பா மாமாவின் தலையை மடியில் வைத்திருந்தார்.

போலீஸ் வந்தது. வண்டியைப் பார்த்தது. கிழிந்த சீட்டைப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் அமைதியாகக் கேட்டார்.

“ஆக்சிடென்ட் வண்டியால. சீட்ட எதுக்கு சார் அடிச்சீங்க?”

சித்தப்பா கிழிந்த சீட்டையே பார்த்தார்.

“அடிபட்டவர் கண்ணு முழிக்கட்டும். அவர் என்ன சொல்றாரோ அதுதான்.”

மாமா மூன்றாவது நாள் கண்விழித்தார். ஒரு காலை முழங்காலுக்கு மேல் எடுத்திருந்தார்கள். இன்னொரு காலில் இரும்புக் கம்பி. சித்தி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சித்தப்பாவிடம் அவள் மூன்று நாளாகப் பேசவில்லை. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டிரைவர் சீட்ல யாரு இருந்தது?” என்றார்.

மாமா சித்தப்பாவை நெடுநேரம் பார்த்தார்.

“யாருமில்ல சார். வண்டி தானா பாஞ்சுது.”

இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சித்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா கூரையைப் பார்த்தபடி பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“என் தங்கச்சிக்காக சொன்னேன் மாப்ள. உனக்காக இல்ல.”

“என்ன மச்சான் சொல்ற?”

“செருப்புச் செலவு பாதி மிச்சம், விடு. ஒண்ணு மட்டும் சொல்லு. ஏன் சிரிச்ச?”

“நான்... வெளிய நின்னேன் மச்சான். கண்ணாடிய ஒடச்சேன். பாத்தல்ல.”

“கண்ணாடி வழியாத்தான் பாத்தேன். நீ சீட்ல உக்காந்திருந்த. என்னையே பாத்த. மிதிச்ச. சிரிச்ச.” மாமா மூச்சு வாங்கினார். “ஒடச்சது வேற ஆளு. மொட்டத் தல. அவன்தான் ஸ்பேனரால உன் மண்டையிலயே போட்டான். நீ அப்பவும் சிரிச்சிட்டே இருந்த. அந்த ஆள் மட்டும் கியர இழுக்கலேன்னா நான் போயிருப்பேன். ஏதோ கம்பெனி யூனிஃபார்ம். வெள்ளச் சட்ட. நெஞ்சுல அறுநூத்தி நாலுன்னு நம்பர். அவனக் கண்டுபிடி மாப்ள. அவனுக்கு நான் நன்றி சொல்லணும். அப்புறம்... நீ இங்க வராத.”

சித்தி கண்ணிலிருந்து கையை எடுத்தாள். அவள் பார்த்த பார்வையைப் பற்றி சித்தப்பா இன்றுவரை பேசுவதில்லை.

அந்த ஆளைத் தேட வேறு வழி இல்லாததால் சித்தப்பா காரிலிருந்து தொடங்கினார். வாத்தியார் வாங்கியது ஒரு புரோக்கரிடம். புரோக்கர் வாங்கியது போலீஸ் ஏலத்தில். ஏலத்துக்கு வந்தது, கேஸ் முடிந்த வண்டி என்பதால். ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊர் ஒர்க்‌ஷாப்பில், காலையில் உதறுகிறது என்று வந்த வண்டி. அண்ணன் தம்பி இரண்டு பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். தம்பி சுவரில் நசுங்கிச் செத்தான். சாவதற்கு முன்னால், சீட்டில் உட்கார்ந்து மிதித்தது அண்ணன்தான் என்று போலீஸிடம் சொல்லிவிட்டுச் செத்தான். அண்ணனுக்கு ஆயுள் தண்டனை.

சித்தப்பா மனுப் போட்டு ஜெயிலுக்குப் போனார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒருவரைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். மொட்டைத் தலை. வெள்ளைச் சட்டை.

நெஞ்சில் 604.

அந்த ஆள் சித்தப்பாவின் கைத்தையலையே பார்த்தார். பிறகு தன் வலது சட்டைக் கையை மேலே சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தையல். பச்சைப் புண். பழசு இல்லை.

“போன மாசம் ஒரு நாள் விடியக்காலம். செல்லுல படுத்திருந்தேன். முழிச்சுப் பாத்தா கை இப்படி. உனக்குக் கண்ணாடி எங்கேருந்து கிடைச்சதுன்னு கேட்டு அடிச்சாங்க.” தாழ்ந்த குரலில் கேட்டார். “உங்க ஆளு?”

“பொழைச்சுட்டான். ஒரு கால் போச்சு.”

“உங்கள நம்பறானா?”

சித்தப்பா தலையாட்டினார். இல்லை என்று.

“என் தம்பியும் நம்பல,” என்றார் அவர். சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

“ஆனா பொழைச்சுட்டான் இல்ல... அது போதும். போன தடவ எனக்குக் கை எட்டல.”